பெயர் மறைத்த பாவலர்

மாசசூசெட்ஸில் 1728இல் பிறந்த மெர்சி ஓட்டிஸ் வாரனுக்குப் பள்ளிக்கல்வி வாய்க்கவில்லை. தமையர் பாடங்கேட்ட இடத்தில் தாமும் அமர்ந்து கற்றார். பிரித்தானிய ஆட்சியைச் சாடி 1772 முதல் அங்கத நாடகங்களைப் பெயரிடாமல் எழுதினார்.

விடுதலைக்குப்பின் வரையப்பட்ட அமெரிக்க அரசமைப்பை 1788இல் மாசசூசெட்ஸ் மாநாடு 187க்கு 168 என்னும் வாக்கில் ஏற்றது. அவர் அடங்கவில்லை. அவ்வாண்டே 'கொலம்பிய நாட்டுப்பற்றாளர்' என்னும் புனைபெயரில் மறுப்புநூல் வெளியிட்டார். இத்துணைப் பரந்த நிலத்தை ஒரே சட்டமன்றம் ஆள்வதெங்ஙனம்? 30,000 பேருக்கு ஒரு பேராளர் போதுமா? நிலைப்படை விடுதலைக்கு அரணா, பகையா? உரிமைப் பட்டியல் எங்கே? கடைசிக் கேள்விக்கு 1791இல் பத்துத் திருத்தங்கள் விடையாயின.

கவிதைகளை 1790இல் தம் பெயரிலேயே அச்சிட்டவர் 1814இல் மறைந்தார். மறுப்புநூலோ எல்பிரிட்ஜ் கெரியினது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆங்கில வரலாற்றாசிரியை கேத்தரின் மெக்காலேக்கு அவர் வரைந்த மடலொன்றே 1930களில் அதனை அவருக்கு மீட்டுத் தந்தது.