பெட்டியில் இருந்த பெயர்: அன்ரனாவைத் தந்த ஹிடெற்சுகு யாகி

இந்தப் புரட்டாதியில், மாரி தொடங்குவதற்கு முன்னர், வன்னியில் உள்ள பெரியக்காவின் வீட்டுக் கூரையில் இணையத்துக்கான வெளி அன்ரனாக்களைப் பூட்டினோம். அதுவரை வீட்டுக்குள் ரவுட்டரில் ஒரு கோடு வரும், போகும். மருமகன் இணையவழி வகுப்புக்காகக் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கும் வேலிக்கும் நடந்துகொண்டிருப்பான். அன்ரனா வந்த பெட்டியின் பக்கவாட்டில் யாகி என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அது கொம்பனியின் பெயரா என்று அவன் கேட்டான். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அது ஒரு மனிதரின் பெயர். எண்பதுகளில் யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு மேலே உயர்ந்த குழாய்களில் இந்தியத் தூரதர்ஷனைத் தேடி நின்ற ரீவி அன்ரனாக்கள் நினைவிருக்கும். 1990இல் மின்சாரம் நின்ற பிறகு அவை காகம் குந்தும் கம்பிகளாகின. முதுகெலும்பில் மீன்முள்ளுப் போலக் கம்பிகள் அடுக்கிய அந்த வடிவம் அவருடைய ஆய்வுகூடத்தில் பிறந்தது. யப்பானைச் சேர்ந்த அவர் ஹிடெற்சுகு யாகி. அந்த வடிவம் தொலைவில் இருந்தவர்களை இணைத்தது. அவருடைய சொந்த நாட்டின் இரண்டு நகரங்களை அழித்த குண்டுகளிலும் அது இருந்தது.

யாகி 1886 ஜனவரி 28ஆம் திகதி ஒசாகாவில் பிறந்தார். ரோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் மின் பொறியியல் படித்து 1909இல் வெளியேறி, வடக்கே சென்டாய் நகரில் ஆசிரியரானார். 1913இல் மேற்படிப்புக்காக ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டு, ட்ரெஸ்டன் நகரில் பார்க்ஹவுசன் என்ற பேராசிரியரிடம் மின்னலைகளை உருவாக்கும் முறைகளைக் கற்றார். அடுத்த வருடம் கோடை விடுமுறைக்குச் சுவிற்சர்லாந்து போயிருந்த வேளையில் முதலாம் உலகப் போர் வெடித்தது. யப்பான் ஜேர்மனிக்கு எதிர்ப்பக்கம் சேர்ந்தது. யாகி ட்ரெஸ்டனுக்குத் திரும்ப முடியவில்லை. ஒரு பயணம் போன இடத்தில் பின்னால் பாதை பூட்டப்படுவது எப்படியிருக்கும் என்பதை 2006இல் ஏ9 மூடப்பட்டபோது இரண்டு பக்கமும் சிக்கியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அவர் லண்டனுக்குப் போய், வெற்றிடக் குழாயைக் கண்டுபிடித்த பிளெமிங்கிடம் சேர்ந்தார். பின்னர் அமெரிக்காவில் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் பியர்ஸிடம் படித்தார். 1916இல் நாடு திரும்பியபோது, மூன்று நாடுகளில் வானொலித் துறையின் முன்னணி ஆட்களிடம் வேலை பழகியிருந்தார். அமைதியாக இருந்திருந்தால் ஒருவேளை ஒருவரிடம் மட்டுமே படித்துவிட்டு வந்திருப்பார்.

அக்காலத்தில் வானொலித் தொடர்பு என்றால் நீண்ட அலை. அலை எவ்வளவு நீளமோ அவ்வளவு பெரிய கம்பங்களும் அவ்வளவு மின்வலுவும் தேவை. சில மீற்றர் நீளமே உள்ள குறுகிய அலைகளைப் பெரும்பாலானோர் பயனற்றவை என்று ஒதுக்கினர். சென்டாயின் தோஹோகு பேரரசுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகியிருந்த யாகி மறுபக்கம் யோசித்தார். அலை குறுகினால் அன்ரனாவும் சிறிதாகும். சிறிதானால் அதைத் திருப்பலாம், ஒரு திசைக்கு மட்டும் குறிவைக்கலாம்.

இந்த இடத்தில் இன்னொருவரைச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். ஷின்ரரோ உடா, யாகியைவிடப் பத்து வயது இளையவர், அவருடைய ஆய்வுகூடத்தில் உதவியாளர். கம்பிகளை வெட்டி, நட்டு, நீளத்தைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, இடைவெளியை மாற்றி, ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதியவர் அவர்தான். அந்த வேலையிலிருந்து வந்த முடிவு வியக்கத்தக்க அளவுக்கு எளிமையானது. வயர் இணைக்கப்படுவது ஒரேயொரு கம்பிக்குத்தான். அதற்குப் பின்னால் சற்று நீளமான கம்பி ஒன்றைச் சும்மா வைத்தால் அது அலையை முன்னோக்கித் திருப்பிவிடும். முன்னால் சற்றுக் கட்டையான கம்பிகளை வரிசையாக வைத்தால் அவை அலையைத் தம் பக்கம் இழுத்து நேரே அனுப்பும். அந்தக் கம்பிகளுக்கு மின்சாரமும் இல்லை, வயரும் இல்லை. நீளமும் இடைவெளியும் சரியாக இருப்பது மட்டுமே அவற்றின் வேலை.

எங்கள் கூரையில் இது விளங்காமல்தான் முதல் அரைநாள் வீணானது. அத்தான் தன் பழைய ரீவி அன்ரனாவையே கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். அதே வடிவம்தானே, ஏன் காசைக் கொட்டுவான் என்பது அவருடைய வாதம். ஆனால் ரீவியின் 200 மெகாஹேர்ட்ஸ் அலை ஒன்றரை மீற்றர் நீளம், அதில் பாதி முக்கால் மீற்றர் என்பதால் கம்பியும் ஏறத்தாழ அந்த அளவு. 4ஜி பயன்படுத்தும் 1800 மெகாஹேர்ட்ஸில் அலை 17 சென்ரிமீற்றர்கூட இல்லை. கம்பி எட்டு சென்ரிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். ரீவி கேபிளும் பொருந்தாது, அது 75 ஓம், ரவுட்டர் கேட்பது 50 ஓம். நாம் வாங்கியது சோடி அன்ரனா. 4ஜி கோபுரங்கள் பொதுவாக ஒன்றுக்கொன்று குறுக்கான இரண்டு சாய்வுகளில் அலையை அனுப்புவதால், ஒன்றை இடப்பக்கம் 45 பாகையும் மற்றதை வலப்பக்கம் 45 பாகையும் சாய்த்துப் பூட்ட வேண்டும். இரண்டின் மூக்கும் ஒரே கோபுரத்தையே பார்க்க வேண்டும்.

யாகி 1926இல் யப்பானில் காப்புரிமை பெற்றார், அவர் பெயரில் மட்டும். உடாவின் நீண்ட ஆய்வுத்தொடர் யப்பானிய மொழியில் வெளிவந்தது. 1928இல் யாகி அமெரிக்காவில் விரிவுரை ஆற்றி ஆங்கிலக் கட்டுரை வெளியிட்டார். அதில் உடாவின் வேலையை அவர் மறைக்கவில்லை. ஆனாலும் உலகம் வாசித்தது ஆங்கிலக் கட்டுரையை, அதன் மேலே இருந்தது யாகியின் பெயர். கட்டுரையில் காட்டிய நேர்மையைக் காப்புரிமைப் பத்திரத்திலும் அவர் காட்டியிருக்கலாம் என்றே எனக்குப் படுகிறது.

யப்பானில் இந்த அன்ரனாவுக்குக் கிடைத்த முதற்பயன்களில் ஒன்று மிக அடக்கமானது. சகாட்டா துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில், கடலில் இருக்கும் தோபிஷிமா தீவுக்கு 1930களில் இதைக்கொண்டு தொலைபேசித் தொடர்பு கொடுக்கப்பட்டது. அதற்குமேல் நாட்டில் யாரும் பெரிதாக அக்கறைப்படவில்லை. கடற்படையிலோ, அலையை வீசித் தேடுவது எதிரிக்குத் தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக்கொடுப்பது போன்றது என்ற எண்ணம் வலுவாக இருந்தது. வெளிநாட்டு உரிமைகள் அமெரிக்க, பிரித்தானியக் கொம்பனிகளிடம் போய்ச் சேர்ந்தன. 1941இல் யப்பானியக் காப்புரிமை காலாவதியானபோது அதை நீடிக்கும்படி கேட்கப்பட்டது. அது மறுக்கப்பட்டது.

இதற்கிடையில் யாகி ஒசாகாவுக்கு மாறி, அங்கே புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையைப் பொறுப்பேற்றிருந்தார். அவர் கீழே ஓர் இளம் விரிவுரையாளர் இருந்தார். கட்டுரை ஒன்றும் வெளியிடவில்லை என்று யாகி அவரைக் கடுமையாகக் கண்டித்தார். அந்த இளைஞர் ஹிடெகி யுகாவா. 1935இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது, யப்பானுக்குக் கிடைத்த முதல் நோபல்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. மலாயாவில் வேலைக்குப் போனவர்கள் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் குறைவாக இருந்த காலம் அது. பென்சன்காரத் தாத்தாக்களின் வாயால் அந்த நாட்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நகரைக் கைப்பற்றிய படையினருக்குப் பிரித்தானியரின் ராடர் கருவிகளும், அதை இயக்கிய ஒரு சிப்பாயின் குறிப்புப் புத்தகமும் அகப்பட்டன. புத்தகத்தில் யாகி என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. யப்பானியப் பொறியியலாளர்களுக்கு அது என்னவென்று விளங்கவில்லை, எப்படி உச்சரிப்பது என்றும் தெரியவில்லை. கடைசியில் கைதியாக இருந்த அந்தச் சிப்பாயிடமே விசாரித்தார்கள். கேட்பவர்கள் பகிடி விடுகிறார்களோ என்று அவர் திகைத்துப்போனார். அது உங்கள் நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் பெயர் என்று அவர்தான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் யப்பானும் ஓடிப்பிடிக்க முயன்றது. 1944 இறுதியில் அரசு யாகியைத் தொழில்நுட்பச் சபையின் தலைவராக்கியது. அப்போது இளம் விமானிகள் வெடிகுண்டு ஏற்றிய விமானங்களோடு கப்பல்களில் மோதிச் சாக அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 1945இன் தொடக்கத்தில், வெல்லும் ஆயுதம் எங்கே என்று பாராளுமன்றக் குழுவில் யாகியிடம் கேட்கப்பட்டது. ஆள் சாகாமலே இலக்கை அடிக்கும் கருவியைச் செய்து தருவது தொழில்நுட்பத்தாரின் கடமை, அதை முடிக்கும் முன்னரே உயிரைக் கொடுத்து அடிக்கும் நிலைக்கு இளைஞர்கள் தள்ளப்பட்டுவிட்டார்கள், அதற்காக வெட்கப்படுகிறேன் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். அவையில் இருந்தவர்கள் அழுதார்கள். போரை நிறுத்த வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இதை இரண்டு விதமாகவும் வாசிக்கலாம். அனுப்பியவர்களின் அரசில் பதவி வகித்த ஒருவரின் கண்ணீர் இறந்த பிள்ளைகளின் தாய்மாருக்கு என்ன பெறுமதி என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அந்த மண்டபத்தில் வெட்கம் என்ற சொல்லைச் சொன்னவர் அவர் என்பதும் உண்மை.

அந்த ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோசிமாவிலும் 9ஆம் திகதி நாகசாகியிலும் அணுகுண்டுகள் போடப்பட்டன. அவை நிலத்தில் விழுந்து வெடிக்கவில்லை. தரையிலிருந்து ஏறத்தாழ 500 தொடக்கம் 600 மீற்றர் உயரத்தில் வெடிக்க வைக்கப்பட்டன. உயரத்தை அளந்து சரியான நொடியைத் தீர்மானித்தவை குண்டுக்குள் இருந்த சிறிய ராடர்கள். அந்த ராடர்களுக்காகக் குண்டின் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தவை யாகி அன்ரனாக்கள்.

போர் முடிந்து 1946இல் ஒசாகா பல்கலைக்கழகத்தின் தலைவரானார். ஆனால் போர்க்கால அரசில் பதவி வகித்தவர் என்பதால் ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவரைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கியது. தடை நீங்கிய பின் 1952இல் தன் பெயரிலேயே அன்ரனாக் கொம்பனி ஒன்றை நிறுவினார். மருமகனின் கேள்வியில் கொஞ்சம் உண்மை இருந்தது என்பது இதை அறிந்தபோதுதான் தெரிந்தது. அடுத்த வருடம் யப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு ஆரம்பித்தது. கூரைதோறும் மீன்முள்ளுகள் முளைத்தன. அதே வருடம் சோசலிஸ்ட் கட்சிக்காரராக மேல்சபைக்குத் தெரிவானார். 1956இல் யப்பானின் உயர் பண்பாட்டு விருதும் கிடைத்தது.

உடா அந்த ஐம்பதுகளில் எங்கள் பக்கம் வந்திருந்தார். யுனெஸ்கோ அனுப்பிய நிபுணராகச் சில வருடங்கள் புதுடில்லியின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். இருவரும் 1976இல், யாகி ஜனவரியிலும் உடா ஓகஸ்டிலும், காலமானார்கள். பாடப்புத்தகங்கள் இப்போது யாகி-உடா என்று எழுதுகின்றன. தோஹோகு பல்கலைக்கழகத்தில் 1995இல் வைக்கப்பட்ட நினைவுப் பலகையிலும் இரண்டு பெயர்களும் உண்டு. பெட்டிகளில் மட்டும் இன்னும் ஒன்றுதான்.

எங்கள் கூரைவேலை இரண்டாம் நாள் மத்தியானம் முடிந்தது. குழாயைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிடம் பொறுத்து, கீழே மருமகன் ரவுட்டரின் சிக்னல் எண்ணை வாசிக்கக் கேட்டு, எண் நல்லாக நின்ற இடத்தில் ஆணியை இறுக்கினோம். கோபுரம் இருக்கும் நேர்த்திசையில் பனங்கூடல் ஒன்று மறித்தது. ஈர ஓலை சிக்னலைத் தின்னும். அதனால் குழாயை இன்னும் ஐந்தடி உயர்த்த வேண்டி வந்தது. கேபிள் நீண்டால் உயர்த்திக் கிடைத்தது கேபிளிலேயே போய்விடும் என்பதால் ரவுட்டரை விறாந்தையின் கூரையோரத்துக்கு மாற்றினோம். பூட்டுகளுக்கு மேல் தண்ணீர் புகாத நாடா சுற்றி, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மழைநீர் சொட்டி விழ ஒரு வளைவு விட்டிருக்கிறோம்.

மூன்று கோடு நிற்கிறது, மழையில் இரண்டு. குழாய்க்கு எர்த் இன்னும் இறக்கவில்லை. ஐப்பசி மின்னலுக்கு முதல் கிளிநொச்சியில் செப்புக்கம்பி எடுக்க வேண்டும். அதுவரை இடி கேட்டால் அன்ரனா வயரைக் கழற்றிவிடும்படி அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.