சங்கம் வைத்ததற்காக ஹைகோர்ட்டில் வழக்கு: சென்னை மில் தொழிலாளர்களின் தலைவர் பி.பி. வாடியா யார்?

ஹெச்.ஆர். மெயில் வந்தாலே நம்மில் பலருக்கு வயிறு கலங்கும். வக்கீல் நோட்டீஸ் என்றால் கேட்கவே வேண்டாம். 1920-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் சென்னையில் ஒருவருக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. ஊரின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான பின்னி, அவர் மீது உயர் நீதிமன்றத்தில் நஷ்டஈட்டு வழக்கு போட்டது. அவர் எதையும் திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. மில் தொழிலாளர்களின் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார், அவ்வளவுதான்.

அவர் பெயர் பி.பி. வாடியா. பெரம்பூர், புளியந்தோப்பு பக்கம் இருப்பவர்கள் பின்னி மில் கதைகளோடு சேர்த்து இந்தப் பெயரையும் கேட்டிருப்பீர்கள். இன்று ஒரு தொழிற்சங்கம் வேலைநிறுத்தம் செய்தால், நஷ்டம் என்று சொல்லி அதன் நிர்வாகிகள் மீது கம்பெனி சும்மா வழக்கு போட முடியாது. அந்தப் பாதுகாப்பு வருவதற்கு ஒரு முக்கியக் காரணம், இவர் மாட்டிக்கொண்ட அந்த வழக்குதான்.

பார்சி இளைஞர், பெரம்பூர் சாயங்காலம்

பஹ்மன் பெஸ்தோன்ஜி வாடியா 1881-இல் பம்பாயில் பிறந்தவர். பார்சி குடும்பம். பிரம்மஞான சபையில் ஈடுபாடு வந்து, இருபதுகளின் நடுவில் அடையாறுக்கு வந்து சேர்ந்தார். அங்கே சபையின் பதிப்பு வேலைகளைப் பார்த்தார். பிறகு அன்னி பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ பத்திரிகையிலும், ஹோம் ரூல் இயக்கத்திலும் அவருக்கு வலது கை மாதிரி இருந்தார். 1917-இல் பெசன்ட், அருண்டேல் ஆகியோரோடு வாடியாவையும் அரசு ஊட்டியில் காவலில் வைத்தது. நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியதால் சில மாதங்களில் விட்டார்கள்.

அதாவது, மில் தொழிலாளிக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தமிழும் வராது. அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியவர்கள் செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரண்டு பேர். இருவரும் சிறு வணிகர்கள். மில் ஆட்கள் கடைக்கு வரும்போது சொல்லும் குறைகளைக் கேட்டுக் கேட்டு, யாராவது படித்த, துணிச்சலான ஆள் கிடைத்தால் தேவலை என்று தேடிக்கொண்டிருந்தார்கள். ‘நியூ இந்தியா’ ஆபீஸ் படியேறினார்கள். வாடியா கிளம்பி வந்தார்.

குறைகள் என்ன? முதலில் நேரம். அப்போதைய 1911 ஃபேக்டரி சட்டப்படி, துணி ஆலையில் வயது வந்த ஆண் ஒருவரை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். நடுவில் கிடைக்கும் சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். அதற்குள் ஆயிரக்கணக்கான பேர் கை கழுவி, சாப்பிட்டு, திரும்ப மெஷின் முன்னால் நிற்க வேண்டும். வாடியாவின் ஆரம்பப் பேச்சுகளில் சுதந்திரம், சுயராஜ்யத்துக்கு இணையாக இந்தச் சாப்பாட்டு நேரமும் இடம்பிடித்தது. அவர் ஆங்கிலத்தில் பேசுவார், பக்கத்தில் ஒருவர் தமிழில் சொல்வார்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். உறுப்பினர் பட்டியல், சந்தா, பொறுப்பாளர்கள் என்று முறையாக நடந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன்னால் வேலைநிறுத்தங்கள் நடக்காமல் இல்லை. 1908-இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வ.உ.சி. நடத்தியதே இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரைக் முடிந்த பிறகும் கலையாமல் நிற்கும் ஓர் அமைப்பு என்பது புதுசு.

அடுத்த வருடமே வாடியா கப்பல் ஏறினார். லண்டனில் இந்திய அரசியல் சீர்திருத்தம் பற்றிய நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சியம் சொன்னார். பிறகு வாஷிங்டன். அங்கே 1919-இல் கூடிய முதல் சர்வதேசத் தொழிலாளர் மாநாட்டில் இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம். ஜோஷி. அவருக்கு ஆலோசகராகப் போனவர் வாடியா. இந்த ஜோஷி பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

வழக்கில் அப்படி என்ன இருந்தது?

1920 அக்டோபரில் பக்கிங்ஹாம் மில்லில் தகராறு முற்றி, நிர்வாகம் கதவடைத்தது. வாரக்கணக்கில் இழுத்தது. வேலைக்கு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் மோதல், டிசம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு என்று போனது. இதற்கிடையில்தான் பின்னி நிர்வாகம் கோர்ட்டுக்குப் போனது.

கம்பெனியின் வாதம் சிம்பிள். தொழிலாளிக்கும் எங்களுக்கும் வேலை ஒப்பந்தம் இருக்கிறது, வேலைக்குப் போகாதே என்று சொல்லி அதை மீறும்படி இவர்கள் தூண்டுகிறார்கள், அதனால் எங்களுக்கு நஷ்டம், அதை இவர்கள் கட்ட வேண்டும். கேட்டது பெரிய தொகை. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை உத்தரவும் போட்டுவிட்டது. வேலைக்குத் திரும்பாதீர்கள் என்று தொழிலாளர்களைத் தூண்டக் கூடாது என்பது உத்தரவு. ஒரு சங்கத் தலைவர் இதைச் சொல்ல முடியாது என்றால் அப்புறம் சங்கம் எதற்கு?

வாடியாவின் வக்கீல்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் ஒரு விஷயத்தை மாற்ற முடியாது. சட்டம் கம்பெனி பக்கம் இருந்தது. ஒப்பந்தத்தை மீறத் தூண்டுவது சிவில் குற்றம் என்பது இங்கிலாந்துச் சட்டத்திலிருந்து வந்தது. அதே இங்கிலாந்தில் 1901 டாஃப் வேல் ரயில்வே வழக்கில் சங்கம் அடிவாங்கிய பிறகு, 1906-இல் தனிச் சட்டம் போட்டுத் தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்கள். இந்தியாவுக்கு அந்தப் பாதுகாப்பை மட்டும் அனுப்பவில்லை. லண்டனில் சட்டப்படி சரியான ஒரு வேலையை, அதே அரசின் கீழ் இருந்த மெட்ராஸில் செய்தால் சொத்தே போகலாம். இந்த வாழ்க்கையில் எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இடம்தான்.

1921 தொடக்கத்தில் சமரசம் வந்தது. தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். கம்பெனி வழக்கைத் தொடரவில்லை. அதற்கு விலையாக, வாடியா தொழிற்சங்கத்திலிருந்து விலகினார். தோற்றுவிட்டாரா, தப்பித்துவிட்டாரா என்று இன்றும் வாதாடலாம். அவர் மட்டுமல்ல, கூட இருந்தவர்களும் வழக்கில் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கையெழுத்து போட்டதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் விலை சங்கத்துக்கும் இருந்தது. அதே 1921-இல் நடந்த அடுத்த பெரிய வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதி அடிப்படையில் பிளந்தார்கள், புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது, போராட்டம் தோற்றது. அப்போது வாடியா களத்தில் இல்லை.

இப்போது நமக்கு வந்தால்?

ஒரு சின்ன பிரேக். ராஜினாமா லெட்டரில் கையெழுத்து போட்டுவிட்டு, அன்று ராத்திரி வக்கீல் நம்பர் கேட்டு எனக்குப் போன் செய்த நண்பர் ஒருவர் இருக்கிறார். வரிசை தலைகீழ். சமரசம், ராஜினாமா, செட்டில்மென்ட் என்று எந்தத் தாள் நீட்டப்பட்டாலும், கையெழுத்துக்கு முன்னால்தான் வக்கீல். கோர்ட் சம்மனோ, தேதி போட்ட நோட்டீஸோ வந்தால் அன்றைக்கே. சம்பளப் பாக்கி மாதிரி விஷயத்துக்கு முதலில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுத்துப் பார்க்கலாம். தள்ளிப்போடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, தகராறு எழுந்து இரண்டு வருடம் தாண்டிவிட்டால் சமரச அதிகாரி அதைக் கையில் எடுக்க முடியாது.

மேனேஜர் பொறுப்பில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் சூப்பர்வைசர்களும் இந்தச் சட்டத்தில் ‘தொழிலாளி’ கணக்கில் வர மாட்டார்கள். ஆனால் விசிட்டிங் கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பதைவிட, உண்மையில் என்ன வேலை செய்தீர்கள் என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். இதைத் தெரிந்துகொள்ளவே ஒருமுறை வக்கீலைப் பார்ப்பது நல்லது. காசு இல்லையென்றால் சட்ட உதவி மையம் இருக்கிறது, எண் 15100. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

வழக்குக்குப் பிறகு

வாடியாவுக்கு நடந்தது நாளை எந்தத் தலைவருக்கும் நடக்கலாம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கச் சட்டம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தவர், வாஷிங்டனில் பார்த்த அதே ஜோஷி. ஐந்து வருடம் இழுத்து, 1926-இல் இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 1927 ஜூன் 1. அதன் 17-ஆவது பிரிவு குற்றச்சதி வழக்கிலிருந்தும், 18-ஆவது பிரிவு ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்ற சிவில் வழக்கிலிருந்தும் பாதுகாத்தன. பதிவு செய்த சங்கங்களுக்கு மட்டும். வன்முறைக்குப் பொருந்தாது. பழைய சட்டம் போய் புதிய தொகுப்பு வந்த பிறகும் இந்த இரண்டு பாதுகாப்புகளும் தொடர்கின்றன.

அது அமலுக்கு வந்த நாளில் வாடியா இந்தியாவிலேயே இல்லை. 1922-இல் அடையாறு சபையிலிருந்தும் விலகி, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறொரு பிரம்மஞான அமைப்புக்காக வேலை செய்துகொண்டிருந்தார். 1929-இல் திரும்பி வந்து பம்பாயில் பத்திரிகை நடத்தினார். 1945-இல் மனைவி சோஃபியாவுடன் பெங்களூரு பசவனகுடியில் ஒரு பண்பாட்டு நிறுவனம் தொடங்கினார். நூலகம், சொற்பொழிவு என்று அது இன்றும் நடக்கிறது. 1958 ஆகஸ்ட் 20 அன்று அதே பெங்களூருவில் இறந்தார். தொழிற்சங்க மேடைக்கு அவர் திரும்பவே இல்லை.