இன்சுலினுக்கு அப்பால்: டாக்டர் ஆர்.டி. லாரன்ஸும் நீரிழிவாளர் சங்கமும்

1923ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் தேதி, தெற்கு லண்டனில் உள்ள கிங்ஸ் கல்லூரி மருத்துவமனைக்கு முப்பது வயதான ஒரு மருத்துவர் வந்து சேர்ந்தார். அதே மருத்துவமனையில் முன்னர் பணியாற்றியிருந்த அவர், இம்முறை நோயாளியாக வந்திருந்தார். கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, உடல் மெலிந்து, சில வாரங்களே உயிரோடிருப்போம் என்று எண்ணிய நிலையில் இத்தாலியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு அவர் வந்திருந்தார்.

ராபர்ட் டேனியல் லாரன்ஸ் என்ற அந்த மருத்துவர் அதன்பின் 45 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆண்டுகளில் அவர் ஆற்றிய பணிகளில் மிக நீண்டகாலம் நிலைத்து நிற்பது, நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு ஆதரவு, கல்வி, ஆராய்ச்சி ஆகிய மூன்றையும் ஒரே குடையின்கீழ் வழங்கும் அமைப்பு ஒன்றை அவர் உருவாக்கியதாகும்.

அபர்டீன் முதல் லண்டன் வரை

ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 1892ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 18ஆம் தேதி லாரன்ஸ் பிறந்தார். அவரது தந்தை தூரிகைகள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தார். அபர்டீன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு, ஆங்கில மொழிகளில் பட்டம் பெற்ற லாரன்ஸ், உறவினர் ஒருவரின் துணிக்கடையில் சிறிது காலம் வேலை பார்த்தார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவில்லை. மீண்டும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி மருத்துவம் பயின்றார். பல தங்கப் பதக்கங்களுடன் 1916ஆம் ஆண்டு மருத்துவரானார்.

முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இராணுவ மருத்துவப் படையில் சேர்ந்த அவர், இந்தியாவின் எல்லைப்புறத்தில் பணியாற்றினார். வயிற்றுக்கடுப்பு நோயால் பாதிக்கப்பட்டு 1919இல் தாயகம் அனுப்பப்பட்டார். பின்னர் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் இடம் கிடைத்தது.

ஒரு நாள், காதின் பின்புற எலும்பில் செய்யப்படும் அறுவைச் சிகிச்சை ஒன்றைச் சடலத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது எலும்புத் துண்டு ஒன்று தெறித்து அவரது கண்ணில் பட்டது. காயத்தில் கடுமையான தொற்று ஏற்பட்டது. மருத்துவமனையில் அவரைப் பரிசோதித்தபோது சிறுநீரில் சர்க்கரை இருப்பது தெரியவந்தது. அந்தக் கண்ணின் பார்வையும், அறுவைச் சிகிச்சை நிபுணராகும் வாய்ப்பும் ஒருசேரப் பறிபோயின.

புளோரன்ஸில் காத்திருந்த காலம்

இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன்னர், இளம் வயதில் நீரிழிவு நோய் வந்தவர்களுக்குச் சிகிச்சை என்று சொல்லத்தக்கது ஏதும் இருக்கவில்லை. உணவை மிகக் கடுமையாகக் குறைப்பது ஒன்றே வழியாக இருந்தது. அது மரணத்தைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டது; தடுக்கவில்லை. நோயாளிகள் பட்டினிக்கும் நோய்க்கும் இடையே மெல்ல மெல்லத் தேய்ந்துபோனார்கள்.

லாரன்ஸுக்கும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே மிஞ்சியிருப்பதாகக் கருதப்பட்டது. மருத்துவமனையின் வேதியியல் ஆய்வுப் பிரிவில் சிறிது காலம் பணியாற்றிய அவர், உறவினர்கள் கண்முன்னே இறப்பதைத் தவிர்க்க விரும்பி இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குச் சென்று அங்கே மருத்துவத் தொழிலைத் தொடங்கினார்.

இதற்கிடையே 1921ஆம் ஆண்டு கனடாவின் டொரண்டோ நகரில் பிரெடரிக் பேண்டிங்கும் சார்ல்ஸ் பெஸ்ட்டும், ஜான் மக்லியோட்டின் ஆய்வுக்கூடத்தில், கணையத்திலிருந்து பிரித்தெடுத்த சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டறிந்தனர். ஜேம்ஸ் காலிப் அந்தச் சாற்றைத் தூய்மைப்படுத்த உதவினார். 1922ஆம் ஆண்டு ஜனவரியில் லியோனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது.

1922-23 குளிர்காலத்தில் மார்புச்சளி நோய் தாக்கியதைத் தொடர்ந்து லாரன்ஸின் நிலை மிகவும் மோசமடைந்தது. அந்நேரத்தில் அவரது பழைய துறைத் தலைவரான டாக்டர் ஹாரிசனிடமிருந்து ஒரு தந்தி வந்தது. இன்சுலின் கிடைத்துவிட்டது, அது பலனளிக்கிறது, உடனே திரும்பி வரவேண்டும் என்பதே அதன் சாரம். லாரன்ஸ் புறப்பட்டார். மே 31ஆம் தேதி அவருக்கு முதல் ஊசி போடப்பட்டது.

சமையலறைக்குச் சென்ற மருத்துவம்

உயிர் பிழைத்த லாரன்ஸ், கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையிலேயே பணியில் சேர்ந்து, பிரிட்டனின் தொடக்ககால நீரிழிவு மருத்துவப் பிரிவுகளில் ஒன்றை வளர்த்தெடுத்தார். மற்ற மருத்துவர்களுக்கு இல்லாத ஓர் அனுபவம் அவருக்கு இருந்தது. ஒவ்வொரு நாளும் தாமே ஊசி போட்டுக்கொண்டார். தாமே உணவை அளந்து உண்டார். ஊசியின் அளவு கூடினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும் என்பதைத் தம் உடலிலேயே உணர்ந்திருந்தார்.

மற்ற நோய்களில் மருந்தின் அளவை மருத்துவர் தீர்மானிக்கிறார். நீரிழிவிலோ, உணவுக்கும் உழைப்புக்கும் ஏற்ப ஒவ்வொரு நாளும் பலமுறை முடிவெடுக்க வேண்டியவர் நோயாளிதான். ஆகவே மருத்துவரின் அறிவில் ஒரு பகுதி நோயாளிக்குக் கைமாறாவிட்டால் இன்சுலின் இருந்தும் பயனில்லை என்ற முடிவுக்கு லாரன்ஸ் வந்தார்.

1925ஆம் ஆண்டு வெளிவந்த தி டயபெடிக் லைஃப் என்ற அவரது நூல் மருத்துவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒருசேர எழுதப்பட்டது. நோயாளிகளுக்கும் தாதியருக்கும் உதவும் எளிய கையேடு ஒன்றையும் பின்னர் அவர் எழுதினார். உணவு வகைகளைக் கறுப்புப் பங்கு, சிவப்புப் பங்கு என்று அவர் பிரித்தார். ஒரு கறுப்புப் பங்கில் 10 கிராம் மாவுச்சத்து இருக்கும். சிவப்புப் பங்கு புரதத்தையும் கொழுப்பையும் குறிக்கும். இத்தனை கறுப்பு, இத்தனை சிவப்பு என்று மருத்துவர் சொன்னால் போதும். பட்டியலில் உள்ளவற்றிலிருந்து தமக்குப் பிடித்ததை நோயாளி தேர்ந்துகொள்ளலாம். பட்டினியையே சிகிச்சையாக அறிந்திருந்தவர்களுக்கு இந்தத் தேர்வுரிமை பெரும் விடுதலையாக அமைந்தது.

எழுத்தாளரின் இல்லத்தில் ஒரு கூட்டம்

ஆனால் நூல்களால் மட்டும் தீராத சிக்கல்கள் இருந்தன. பிரிட்டனில் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த காப்பீட்டுத் திட்டம் வேலையிலிருந்த தொழிலாளர்களுக்கு மருத்துவ உதவி அளித்தது. அவர்களது மனைவியரும் பிள்ளைகளும் அதில் அடங்கவில்லை. வாழ்நாள் முழுவதும் தேவைப்படும் மருந்து, ஊசி, தராசு, தகுந்த உணவு ஆகியவை ஏழைக் குடும்பங்களுக்குப் பெரும் சுமையாக இருந்தன. நோய் இருப்பது தெரிந்தால் வேலை கிடைக்காது என்ற அச்சமும் நிலவியது.

லாரன்ஸின் பராமரிப்பில் இருந்த நோயாளிகளில் ஒருவர், அறிவியல் புனைகதைகளுக்காக உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். முதுமையின் வாயிலில் நீரிழிவு கண்டறியப்பட்ட அவர், சமூக மாற்றம் குறித்தும் இடையறாது எழுதிவந்தவர். 1934ஆம் ஆண்டு லண்டனில் உள்ள அவரது இல்லத்தில் மருத்துவர்களும் நீரிழிவாளர்களும் கூடினர். நீரிழிவாளர் சங்கம் அங்கே உருவானது. வெல்ஸ் அதன் தலைவரானார். டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய கடிதத்தின் மூலம் அவர் அதைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தினார். நிர்வாகக் குழுவின் தலைமையை ஏற்ற லாரன்ஸ் 1961ஆம் ஆண்டுவரை அப்பொறுப்பில் நீடித்தார்.

நீரிழிவாளர்களுக்கான அமைப்பு என்ற வகையில் இது முதலாவது அல்ல. ஏழை நீரிழிவாளர்களுக்கு இன்சுலின் கிடைக்கச் செய்வதற்காக 1926ஆம் ஆண்டிலேயே போர்த்துகலின் லிஸ்பன் நகரில் டாக்டர் எர்னஸ்டோ ரோமா ஒரு சங்கத்தை நிறுவியிருந்தார். லண்டன் சங்கத்தின் தனித்தன்மை அதன் உறுப்பினர் அமைப்பில் இருந்தது. மருத்துவரும் நோயாளியும் அதில் சமமாக அமர்ந்தனர். ஒப்பிட்டுப் பார்த்தால், 1940இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நீரிழிவு சங்கம் முதலில் மருத்துவர்களின் அமைப்பாகவே இருந்தது. பொதுமக்கள் உறுப்பினராவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

1935ஆம் ஆண்டு ஜனவரியில் சங்கத்தின் சஞ்சிகை வெளிவரத் தொடங்கியது. லாரன்ஸ் தமது பெயரைக் குறிப்பிடாமலே அதில் பல கட்டுரைகளை எழுதினார். 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கப்பட்டபோது, இன்சுலின் வருமான வேறுபாடின்றி அனைவருக்கும் கிடைக்கும் நிலை ஏற்பட்டது. பணம் படைத்தவர், இல்லாதவர் என்ற பேதமின்றிச் சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது தொடக்கம் முதலே சங்கத்தின் நோக்கமாக இருந்தது.

எல்லை கடந்த முயற்சி

ஆராய்ச்சியிலும் லாரன்ஸ் பின்தங்கவில்லை. நீரிழிவால் ஏற்படும் ஆழ்மயக்கத்துக்கான சிகிச்சை, நீரிழிவுள்ள கர்ப்பிணிகளின் பராமரிப்பு ஆகியவை குறித்து அவர் எழுதினார். ஜோசப் போர்ன்ஸ்டைன் என்ற ஆய்வாளருடன் இணைந்து 1951இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இரத்தத்தில் இன்சுலின் காணப்படும் நீரிழிவு, காணப்படாத நீரிழிவு என இரு வகைகள் இருப்பதை அளவீடுகளால் காட்டியது. இன்று முதலாம் வகை, இரண்டாம் வகை என்று நாம் அறியும் பாகுபாட்டுக்கு அது வலுச் சேர்த்தது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த மருத்துவர் எலியட் ஜோஸ்லின் உள்ளிட்டோருடன் சேர்ந்து சர்வதேச நீரிழிவு சம்மேளனம் உருவாகவும் அவர் பாடுபட்டார். 1950ஆம் ஆண்டு அது தோன்றியபோது அதன் முதல் தலைவராக லாரன்ஸே இருந்தார். முதல் மாநாடு 1952இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் நடைபெற்றது. 1958இல் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகர மாநாட்டில் அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அதன்பின் பக்கவாதம் தாக்கியபோதிலும் நோயாளிகளைப் பார்ப்பதை அவர் நிறுத்தவில்லை. 1968ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27ஆம் தேதி, தமது 75ஆவது வயதில் லண்டனில் அவர் காலமானார்.

மீதமிருக்கும் பணி

வெல்ஸின் இல்லத்தில் உருவான சங்கம் பின்னர் பிரிட்டிஷ் நீரிழிவாளர் சங்கம் என்றும், 2000ஆம் ஆண்டு முதல் டயபெடிஸ் யுகே என்றும் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. சர்வதேச சம்மேளனத்தில் 160க்கும் அதிகமான நாடுகளைச் சேர்ந்த அமைப்புகள் அங்கம் வகிக்கின்றன. சம்மேளனமும் உலக சுகாதார நிறுவனமும் 1991இல் தொடங்கிய உலக நீரிழிவு தினம், பேண்டிங் பிறந்த நாளான நவம்பர் 14ஆம் தேதி ஆண்டுதோறும் அனுசரிக்கப்படுகிறது.

புலம்பெயர்ந்து வாழும் தமிழர்களுக்கும் இந்த வரலாற்றுடன் நேரடித் தொடர்பு உண்டு. பிரிட்டனில் வாழும் தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஏற்படும் வாய்ப்பு, ஐரோப்பிய வம்சாவளியினரைக் காட்டிலும் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம் என்று மதிப்பிடப்படுகிறது. குறைந்த வயதிலும் குறைந்த உடல் எடையிலும் அவர்களை இந்நோய் தாக்குகிறது. சோறும் இட்லியும் உண்ணும் குடும்பத்துக்கு ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் கொண்டு தயாரிக்கப்பட்ட உணவுப் பட்டியல் போதுமான வழிகாட்டியாகாது. சமையலறையை அறியாத மருத்துவ ஆலோசனை பயன்தராது என்ற லாரன்ஸின் பட்டறிவு இங்கும் பொருந்துகிறது.

அவர் தொடங்கிய பணி முற்றுப்பெற்றுவிட்டதாகக் கூற இயலாது. 2024ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 58 கோடியே 90 லட்சம் வயதுவந்தோருக்கு நீரிழிவு இருந்ததாகச் சர்வதேச சம்மேளனம் மதிப்பிட்டது. இன்சுலின் கண்டறியப்பட்டு நூறாண்டுகள் நிறைவடைந்த 2021ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, இன்சுலின் தேவைப்படும் இரண்டாம் வகை நீரிழிவாளர்களில் பாதிப்பேருக்கு அது கிடைக்கவில்லை.

லாரன்ஸுக்கு ஒரு மருத்துவமனையில் பணியாற்றிய பின்னணியும், நினைவில் வைத்துத் தந்தி அனுப்ப ஒரு நண்பரும், புளோரன்ஸிலிருந்து லண்டன் வந்து சேர ஒரு காரும் இருந்தன. அதே 1923ஆம் ஆண்டில் அதே நோயுடன் இருந்த எண்ணற்றோருக்கு இவற்றில் ஒன்றுமே இருக்கவில்லை. நோய் ஒன்றே ஆனாலும் வாய்ப்பு ஒன்றாக இல்லாத அந்த நிலையை, தனிமனிதரின் நல்லூழுக்கு விட்டுவிடாமல் கூட்டு முயற்சியால் மாற்றலாம் என்பதே அவர் விட்டுச்சென்ற அமைப்புகளின் அடிப்படை. அந்த இடைவெளி எஞ்சியிருக்கும்வரை அவற்றின் தேவையும் எஞ்சியிருக்கும்.