டில்லி சட்டசபையை அதிர வைத்த தீரர் சத்தியமூர்த்தி

டில்லியிலுள்ள பழைய பார்லிமெண்டின் வட்டக் கட்டிடத்தில் 1935-ஆம் ஆண்டு மத்திய சட்டசபை கூடியபோது, காங்கிரஸ் பெஞ்சுகளில் புதிதாக வந்து அமர்ந்தார் ஒரு தமிழர். சென்னை நகரத் தொகுதியில் ஆற்காடு ராமசாமி முதலியாரைத் தோற்கடித்துவிட்டு வந்தவர். அவர்தான் தீரர் சத்தியமூர்த்தி.

1887 ஆகஸ்ட் 19 அன்று புதுக்கோட்டைச் சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தார். தந்தை சுந்தர சாஸ்திரி வக்கீல். மகனும் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரி, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று படித்து வக்கீலானார். ஆனால் கோர்ட்டைவிட மேடையே அவரை இழுத்தது. 1919-இல் காங்கிரஸ் தூதுக்குழுவில் லண்டன் சென்று வந்தார். 1923-இல் சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டசபைகளைப் பகிஷ்கரிப்பதே தேசபக்தி என்று பலர் கருதிய காலம் அது. உள்ளே நுழைந்தும் போராடலாம் என்ற கட்சியைச் சேர்ந்தவர் இவர். அதற்காக ஏச்சும் கேட்டார். அதற்காக அவர் சிறைக்கு அஞ்சியவரல்லர். பலமுறை சிறை சென்றவர்.

அவரது எல்லாக் கருத்துக்களும் ஏற்கத்தக்கவை அல்ல. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பாடுபட்டபோது எதிர்த்து நின்றவர்களில் இவரும் ஒருவர். நாடகத்தையும் சங்கீதத்தையும் உயிராக நேசித்த அந்த மனிதர், இந்த விஷயத்தில் காலத்தின் போக்கை உணரத் தவறினார் என்றே சொல்ல வேண்டும்.

டில்லியில் அவரது ஆயுதம் கேள்வி நேரம். 145 பேர் கொண்ட அச்சபையில் 40 பேர் நியமன அங்கத்தினர்கள். அத்தனையையும் மீறிக் காங்கிரஸும் மற்றக் கட்சிகளும் சேர்ந்து பட்ஜெட் மசோதாவைத் தோற்கடித்தாலும், வைசிராய் தமது விசேஷ அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கிவிடுவார். 1935-லேயே அப்படி நடந்தது. ஆக, ஓட்டால் சர்க்காரை அசைக்க முடியாது. பதில் சொல்ல வைக்க மட்டுமே முடியும். எழுதிக் கொடுத்த கேள்விக்கு இலாகா அதிகாரிகள் ஃபைலில் பதில் தயாரித்துக் கொடுத்து விடுவார்கள். அதன்மேல் எழும் துணைக் கேள்விக்கு? செக்ரடேரியட்டில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. சத்தியமூர்த்தி எழுந்தால் அடுத்தடுத்துத் துணைக் கேள்விகள் பாயும். எழுதி வைத்த பதிலை விட்டு நிர்வாக அங்கத்தினர்கள் தடுமாறுவார்கள். பிற்பாடு அவர் சபையில் பூலாபாய் தேசாயின் கீழ்க் காங்கிரஸ் கட்சியின் உபதலைவரானார்.

1937-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் 215 இடங்களில் 159-ஐ வென்றது. பதவி ஏற்க வேண்டும் என்று கட்சிக்குள் வாதாடியவர்களில் முன்னணியில் நின்றவர் சத்தியமூர்த்தியே. ஆனால் பல்கலைக்கழகத் தொகுதியை அவர் ராஜாஜிக்கு விட்டுக் கொடுத்தார். சேலத்து வக்கீலான ராஜாஜி பிரதமரானார். புதுக்கோட்டை வக்கீலுக்கு மந்திரிசபையில் இடமில்லை. அவர் கட்சியை விட்டு விலகவுமில்லை. டில்லிக்குத் திரும்பிக் கேள்வி கேட்கும் வேலையைத் தொடர்ந்தார்.

வயதில் இளையவரான காமராஜரை அவர் வளர்த்த விதம் தனிக் கதை. 1936-இல் இவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், காமராஜர் காரியதரிசி. 1940-இல் ராஜாஜி கோஷ்டியின் வேட்பாளரை மிகக் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் வென்று காமராஜர் தலைவரானார். சீடரின் கீழ்க் காரியதரிசியாக இருக்க சத்தியமூர்த்தி சம்மதித்தார். அரசியலில் இது சுலபமாகக் காணக்கூடிய காட்சியல்ல.

கிடைத்த ஒரே பெரிய பதவி சென்னை மேயர் பதவி. 1939-இல், ஒரே ஆண்டுக்கு. உலக யுத்தம் மூண்டிருந்த சமயம். இருந்தும், சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் போக்கப் பூண்டியில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்ட சர்க்காரின் சம்மதத்தை வாங்கினார். 1940-இல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது.

1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸிலிருந்து திரும்பும் வழியில் கைதானார். மத்திய மாகாணத்து அமராவதி சிறைக்கு அனுப்பப்பட்டார். முதுகெலும்பு பாதிக்கப்பட்டு நோய் முற்றிய பிறகே சென்னைக்குக் கொண்டு வந்தார்கள். 1943 மார்ச் 28 அன்று, ஐம்பத்தைந்தாவது வயதில், சென்னைப் பொது மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. சுதந்திரத்துக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. பூண்டி நீர்த்தேக்கம் அடுத்த ஆண்டு, 1944-இல், கட்டி முடிந்தது. அதற்கு சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர்.