மின் டவரைத் தாங்கும் கம்பியும் 200 ஆண்டு பழைய ஐடியாவும்: யார் இந்த ஹம்ப்ரி டேவி?

சில மின் டவர்கள் சொந்தக் காலில் நிற்பதில்லை. ஸ்டே கம்பிகள்தான் நாலா பக்கமும் இழுத்துப் பிடித்திருக்கும். அந்தக் கம்பியின் முனை மண்ணுக்குள் புதைந்திருக்கும் இரும்பு நங்கூரத்தில் மாட்டியிருக்கும். மேலே பளபளன்னு இருந்தாலும், மண்ணுக்கு அடியில் அது அரித்துப்போனால் வெளியே தெரியாது. ஒருநாள் அறுந்தால், டவரே சாய்ந்துவிடும்.

இதைத் தடுக்கும் வழிக்கு அடித்தளம் போட்டவர் ஹம்ப்ரி டேவி.

யார் இவர்?

1778-ல் இங்கிலாந்தின் பென்சான்ஸ் ஊரில், மரச் சிற்ப வேலை செய்பவரின் மகனாகப் பிறந்தார். பதின்ம வயதில் தந்தையை இழந்து, ஒரு மருத்துவரிடம் வேலை பழகப் போனார். வேதியியலை பெரும்பாலும் தானாகவே கற்றார். 1807-ல் மின்சாரத்தைப் பாய்ச்சி பொட்டாசியம், சோடியத்தைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டு மக்னீசியம், கால்சியம். 1815-ல் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்தார். அதுக்கு காப்புரிமைகூட வாங்கவில்லை.

கப்பலில் என்ன பிரச்னை?

அப்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்தில் செப்புத் தகடு அடிப்பார்கள். உப்புத் தண்ணீர் அதை அரித்துத் தின்றது. கடற்படை டேவியிடம் வந்தது. 1824-ல் அவர் சொன்ன வழி ரொம்ப சிம்பிள். செம்போடு சின்ன துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிடுங்கள். அது கரையும், செம்பு தப்பிக்கும்.

செம்பு தப்பித்தது. ஆனா புது சிக்கல் வந்தது. கரையும் செம்பின் நஞ்சுதான் பாசியையும் கொட்டலசுகளையும் அண்டவிடாமல் வைத்திருந்தது. கரைவது நின்றதும் அவை ஒட்டிக்கொண்டன, கப்பல் வேகம் குறைந்தது. துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். ஜெயித்த சோதனை, தோல்வி என்று பேசப்பட்டது. மனம் நொந்த டேவி, உடல்நலமும் கெட்டு, 1829-ல் ஜெனீவாவில் 50 வயதில் இறந்தார்.

டவருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எர்த்திங்குக்குப் புதைக்கும் செம்பும், நங்கூர இரும்பும் கம்பி வழியே இணைந்திருந்தால், ஈரமான மண்ணில் அது ஒரு பேட்டரி மாதிரி ஆகிவிடும். அதில் கரைவது இரும்பு. டேவியின் கப்பலில் இரும்பு கரைந்து செம்பைக் காத்தது. இங்கே அதே விதி நமக்கு எதிராக வேலை செய்கிறது.

தீர்வும் அவர் சொன்னதுதான். இரும்பைவிட எளிதில் கரையும் உலோகக் கட்டியைப் பக்கத்தில் புதைத்து, ஒயரால் நங்கூரத்தோடு இணைக்கிறார்கள். கட்டி கரையும், நங்கூரம் நிற்கும். கட்டி தீர்வதற்குள் மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். மண்ணுக்குள் பாசியோ கொட்டலசோ ஒட்டி வேகத்தைக் குறைக்கும் கவலையும் கிடையாது.

அந்தக் கட்டி பெரும்பாலும் எந்த உலோகம் தெரியுமா? 1808-ல் டேவியே பிரித்தெடுத்த அதே மக்னீசியம்!