பாட்டுக்குப் பாஸ்போர்ட் ஏது?

ஒரு மனிதனைப் பூட்டிவைக்கச் சர்க்காருக்குச் சிறைச்சாலைதான் வேண்டும் என்பதில்லை. ஒரு சிறு புத்தகத்தைப் பறித்துக்கொண்டால் போதும். 1950-இல் அமெரிக்க சர்க்கார் பாடகர் பால் ராப்சனுக்கு அதைத்தான் செய்தது. அவருடைய பாஸ்போர்ட்டை ரத்துச் செய்தது.

யார் இந்த ராப்சன்? 1898 ஏப்ரல் 9-இல் நியூஜெர்சி மாநிலத்துப் பிரின்ஸ்டனில் பிறந்த கறுப்பினத்தவர். தந்தையோ அடிமையாகப் பிறந்து, தப்பி ஓடி, பிறகு பாதிரியாரானவர். மகன் 1923-இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் வக்கீல் அலுவலகத்திலே, கறுப்பர் சொல்வதை எழுத மாட்டேன் என்று வெள்ளைக்கார ஊழியர் மறுத்தார். ராப்சன் சட்டத்தை விட்டார், மேடை ஏறினார்.

அந்தக் கனத்த குரலை உலகச் சந்தை விரும்பி வாங்கிற்று. 1930-இல் லண்டனில் ஒதெல்லோவாக நடித்தார். இசைத்தட்டும் சினிமாவும் எல்லை கடந்து விற்றன. ஆனால் சந்தைக்கு வேண்டியது குரல். அந்தக் குரலுக்குரிய மனிதன் அதற்கு வேண்டியதில்லை. ஆப்பிரிக்கரின் பண்பாட்டைக் காட்டும் படம் என்று நம்பி ஒரு படத்தில் நடித்தார். 1935-இல் அது வெளிவந்தபோது, வெள்ளை ஆதிக்கத்துக்கு வாழ்த்துப் பாடும் படமாக இருந்தது! ராப்சன் மனம் நொந்தார்.

அதே ஆண்டுகளில் வேறோர் உலகத்தையும் அவர் கண்டார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் பட்டினியோடு லண்டன் தெருவில் பாடி வந்தார்கள். அவர்களோடு சேர்ந்து பாடினார். 1938-இல் ஸ்பெயினுக்குச் சென்று, பாசிசத்தை எதிர்த்த வீரர்களுக்காகப் பாடினார். ருஷ்ய மொழி, சீன மொழி எனப் பல மொழிகள் கற்றார். பிறர் பாட்டைப் பாடியதால் தம் இனத்தை மறந்தாரா? இல்லை. ஆப்பிரிக்க மொழிகளை அவர் லண்டனில் ஊன்றிப் படித்ததும் அந்தக் காலத்தில்தான்.

கறுப்பு மக்கள் படும் பாட்டை அவர் வெளிநாடுகளில் எடுத்துச் சொன்னார். அடிமைப்பட்ட நாடுகளின் விடுதலையைப் பேசினார். அதுதான் குற்றம்! கம்யூனிஸ்ட் அல்ல என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், மறுத்தார். அரங்குகளின் கதவுகள் அடைபட்டன. வருமானம் வற்றியது.

குரல் அடங்கிற்றா? 1952 மே மாதம் கனடா எல்லையருகே ஒரு லாரியின் மீது நின்று பாடினார். எல்லைக்கு இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள். அழைத்தது யார்? சுரங்கத் தொழிலாளர் சங்கம்! 1957-இல் அவர் அமெரிக்காவில் பாட, கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே லண்டன் கேட்டது. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரும் கேட்டார்கள். 1958-இல் அவருடைய அறுபதாம் பிறந்தநாளை இந்தியாவிலும் கொண்டாடினார்கள். பிரதமர் நேரு அதை ஆதரித்தார்.

அவ்வாண்டு ஜூன் மாதம், ஓவியர் ராக்வெல் கென்ட் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொள்கைக்காகப் பாஸ்போர்ட் மறுக்க வெளியுறவு அமைச்சருக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றது. ராப்சனுக்கும் பாஸ்போர்ட் திரும்பியது. எட்டு ஆண்டுகள் போனது போனதுதான். 1976 ஜனவரி 23-இல் அவர் மறைந்தார்.

தோழர்களே, உலகம் ஒரே சந்தையாகிவிட்டது என்று இன்று நமக்குச் சொல்கிறார்கள். பணம் நொடியில் கடல் தாண்டுகிறது; சரக்கு கப்பலேறுகிறது. கடல் கடந்து உழைக்கப் போகும் தொழிலாளியின் பாஸ்போர்ட்டை மட்டும் முதலாளி வாங்கிப் பெட்டியில் பூட்டும் கொடுமை இன்னும் தீரவில்லை. உழைப்பு வேண்டும், உழைப்பவனின் உரிமை வேண்டாம் என்பது அன்று ராப்சனின் குரலை மட்டும் விலைக்கு வாங்கிய அதே கணக்குத்தான்.

குடியுரிமை சர்க்கார் போடும் பிச்சை என்பதை அவர் ஒருநாளும் ஏற்கவில்லை. அடிமைகளாய் உழைத்து அந்த நாட்டைக் கட்டியவர்கள் அவருடைய முன்னோர். தம் பாட்டை விடாமல் பிறர் பாட்டையும் கற்றவர் அவர். உலகத்தோடு சேர நாமும் அந்த வழியே செல்வோம்.