சங்கர்லாலைத் தந்த தமிழ்வாணன்

இலக்கிய வரலாற்று நூல்களில் ஓரிரு வரிகளே பெற்றும், வாசகர் நெஞ்சில் பேரிடம் பெற்ற எழுத்தாளர் சிலர் உளர். அவருள் ஒருவர் தமிழ்வாணன். அவர்தம் வாழ்வை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

செட்டிநாட்டுத் தேவகோட்டையில் 1926ஆம் ஆண்டு பிறந்த அவருடைய இயற்பெயர் இராமநாதன். தமிழ்வாணன் என்னும் பெயரைத் திரு.வி.க. சூட்டினார் என்பர். சென்னையில் 'அணில்' என்னும் சிறுவர் இதழில் பணியாற்றிய அவர், பின்னர்க் குமுதம் நிறுவனத்தாரின் 'கல்கண்டு' இதழுக்கு ஆசிரியரானார். 1977இல் மறையும் வரை அப்பொறுப்பை வகித்தார். அறிவுத் துணுக்குகள், கேள்வி பதில், தொடர்கதை ஆகியவற்றை ஒருங்கே தந்தது அவ்விதழ். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அவருக்கு அடையாளங்களாயின.

அவர் எழுதிய காலம் துப்பறியும் கதைகள் உலகெங்கும் பெருகிய காலம். பாரிசில் 1945ஆம் ஆண்டு மார்செல் துயமேல் தொடங்கிய கறுப்புத் தொடரின் முதல் நூல்களில், ஆங்கிலேயரான பீட்டர் செய்னி படைத்த லெம்மி காஷன் என்னும் அமெரிக்கத் துப்பறிவாளர் வந்தார். முரட்டுப் பேச்சும் மதுக்கோப்பையும் அவருடைய இயல்புகள். பிரெஞ்சு மக்கள் அவரை விரும்பிப் படித்தனர்.

தமிழ்வாணனின் சங்கர்லாலும் வீரர். அயல்நாட்டு நகரங்களுக்குப் பறந்து சென்று குற்றவாளிகளைப் பிடிப்பவர். ஆயினும் சிந்திக்க வேண்டிய வேளையில் அவர் நாடுவது தேநீரையே! கதை அயல்நாட்டில் நிகழ்ந்தாலும் நடை எளிய, தூய தமிழாகவே அமைந்தது. விறுவிறுப்பான கதைக்கு நல்ல தமிழ் தடையாகாது என்பதை அவர் எழுதிக் காட்டினார். இதுவே அவருடைய தலையாய தொண்டு என்பது எம் துணிபு.

குறைகளையும் மறைத்தல் முறையன்று. அவருடைய கதைகளில் தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. கைரேகை பற்றி அவர் எழுதியவற்றை நம் மார்க்கம் ஏற்பதில்லை. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன் எனச் சாடி அவர் எழுதிய நூல், அவ்வீரனைப் போற்றும் தென்னாட்டு மக்கள் பலரின் மனத்தைப் புண்படுத்தியது. எனினும் பலர் போற்றும் ஒன்றை எதிர்த்து எழுதும் துணிவு அவரிடம் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

துப்பறியும் நூல்களைத் தொடலாகாது என்று நம் பெரியோர் பலர் தடுத்ததுண்டு. பாடநூலை மறந்து பிள்ளைகள் கெடுவரோ என்னும் அவர்தம் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வத்திராயிருப்பு போன்ற மலையடிவார ஊர்களில், பாடநூலன்றி வேறு நூல் அறியாத பிள்ளைகளை வாசகசாலைக்கு அழைத்து வந்தவை பெரும்பாலும் இத்தகைய கதைகளே. சங்கர்லாலைத் தேடி வந்தவன் அடுத்த அலமாரியில் உமறுப் புலவரையும் பாரதியையும் காண வழி பிறந்தது. படியேறிய பின் முதற்படியை இகழ்தல் நன்றாமோ?

இன்று கைப்பேசியின் ஒளியில் மாலைப் பொழுதைக் கழிக்கும் மாணவச் செல்வங்கள் முதலில் ஏதேனும் ஒரு தமிழ் நூலை விரும்பிப் படிக்கட்டும். தேர்ந்த நூலை அடுத்துக் கையில் கொடுப்பது ஆசிரியராகிய நம் கடமை. அம்முதல் விருப்பத்தை ஊட்டிய தமிழ்வாணனை நன்றியோடு நினைவோமாக!